திறவாமல் உள்ளே பார்த்தவர்

பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "ஐயா, கணக்கு எடுப்பதா, உயிரியல் எடுப்பதா?" தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் திருப்பதியில் தமிழை விருப்பமொழியாகப் படிப்போர் தொகை சிறியது. வகுப்பு சிறியதாக இருந்தால் பாடத்தைத் தாண்டியும் பேச்சு வளரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "எனக்கு மருத்துவம் பிடிக்கும், ஆனால் இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறது. கணக்கும் பிடிக்கும். இரண்டையும் விடாமல் செய்யக்கூடிய வேலை ஏதேனும் உண்டா?"

உண்டு. அதற்கு உயிர்மருத்துவத் தகவலியல் என்று பெயர். அன்று வகுப்பில் அவளுக்குச் சொன்ன விடையையே இங்கு விரித்து எழுதியிருக்கிறேன்.

முதலில் நம் ஊர்க் காட்சி ஒன்று. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். மடியில் பெரிய காகித உறையை வைத்துக்கொண்டு யாரேனும் ஒருவர் அமர்ந்திருப்பார். உறைக்குள் ஸ்கேன் படங்களும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருக்கும். அவர் பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். ஆந்திர வழக்கப்படி வீட்டுப்பெயர் முன்னால் வரும். ஆகவே சித்தூர் மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் 'கொத்தப்பள்ளி குமார்'. வேலூரில் தந்தை பெயரின் முதலெழுத்தைக் கேட்பார்கள். அங்கே அவர் 'மு. குமார்'. மனிதர் ஒருவரே. கணினிக்கோ அவர்கள் இருவர். ஒரு மருந்து அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு முதற்பெயரின்கீழ் இருக்க, இரண்டாம் பெயரின்கீழ் அதே மருந்து எழுதப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? இவ்விருவரும் ஒருவரே என்று பிறந்த தேதி, ஊர், தொலைபேசி எண், பெயரின் ஒலி ஆகியவற்றை ஒப்பிட்டுக் கண்டறியும் முறையை வகுப்பது உயிர்மருத்துவத் தகவலியலாளரின் பணிகளுள் ஒன்று. இரண்டு மொழிகள் கலந்து வாழும் நம் எல்லைப் பகுதியில் இது சிறிய வேலையன்று. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நலவாழ்வு எண்ணை வழங்க முற்பட்டதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்றாகும்.

உடலைப் பற்றிய தரவுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உண்மையைக் கணக்கின் துணையால் வருவிப்பதே இத்துறை. அதன் எல்லை அகன்றது. ஒரு முனையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. மறு முனையில் ஒரு மாவட்டத்தின் டெங்குக் கணக்கு இருக்கிறது. நடுவே ஸ்கேன் படங்களும் நோயாளிகளின் பதிவேடுகளும் உள்ளன.

இப்பெயர் பரவலாக வழங்குவதற்கு முன்பே இத்துறையின் இரு பெரும் தூண்களுக்கு அடித்தளம் இட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கோபாலசமுத்திரம் நாராயணன் இராமச்சந்திரன். தம்மை அவர் இயற்பியலாளர் என்றே கருதினார், மருத்துவம் படித்தவரல்லர். ஆயினும், இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அவ்வடிவம் சரிதானா என்று சோதிக்க அவர் பெயரால் வழங்கும் வரைபடத்தின்முன் நிறுத்தப்படுகிறது. சி.டி. ஸ்கேன் கருவிகள் படம் அமைக்கும் கணக்கு முறையிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். எந்தத் துறையில் தெரியுமா? மின் பொறியியலில். அங்கே சர் சி.வி. இராமன் இருந்தார். சில காலத்திலேயே இளைஞர் மின் பொறியியலை விட்டு இயற்பியலுக்கு மாறி, இராமனின் மாணவரானார். பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடம்தான் வாழ்நாள் முழுவதும் என்று அஞ்சும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று படிக்கலாம். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952இல், முப்பது வயது நிறையும் முன்னரோ நிறைந்த கையோடோ, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக அமர்ந்தார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் அ. இலட்சுமணசுவாமி முதலியார். அந்த ஆண்டில் சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததுதான். மறு ஆண்டு அக்டோபரில்தான் ஆந்திர மாநிலம் பிரிந்தது.

சென்னைக்கு வந்த புதிதில், இங்கிலாந்திலிருந்து வருகை தந்த ஜே.டி. பெர்னல் என்னும் அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன். பதனிடப்பட்ட தோலில் எஞ்சி நிற்பதும் பெரும்பாலும் அதுவே. கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்தை அடுத்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அப்போதே இருந்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் இழையின்மீது எக்ஸ்-கதிர் செலுத்தி, அது சிதறும் கோலத்தைப் படமெடுத்து, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த துப்பு ஓர் எண். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். கிளைசின்தான் அமினோ அமிலங்கள் அனைத்திலும் சிறியது. மூன்றில் ஒன்று என்றால், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அதுவே நிற்க வேண்டும் என்று பொருள்கொள்ளலாம் அல்லவா? அப்படியானால் அந்த இடத்தில் பெரிய உருவத்துக்கு இடமில்லை. அது நெருக்கடியான உள்மூலையாக இருக்க வேண்டும். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றினால், நடு அச்சில் அத்தகைய நெருக்கடி உண்டாகும். இவ்வாறு கொலாஜன் மூவிழைச் சுருள் என்று 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து மேலும் ஒருமுறை முறுக்கப்பட்டவை என்றனர். மூன்று கால் எடுத்துப் பின்னிய சடையை இதற்கு உவமை கூறுவாருண்டு. அது பொருந்தாது. சடையில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறித் தாவும். கொலாஜனில் தாவுவதில்லை, உடன் சுற்றுகின்றன. முப்புரியாகத் திரித்த தேங்காய்நார்க் கயிறே சரியான உவமை.

(திருவேங்கடவன் பல்கலைக்கழகம் திருப்பதியில் தொடங்கப்பெற்றதும் அதே 1954இல்தான். நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

இனி வருவதே அவர் வாழ்வில் திருப்புமுனை. 1955இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் அந்த அமைப்பைக் குறைகூறினர். கிரிக் என்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டு புகழ்பெற்றிருந்தவர். சென்னையிலிருந்து வந்த அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன. இயற்கையில் அணுக்கள் அவ்வளவு நெருங்க மாட்டா என்பது அவர்கள் வாதம். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் இரண்டன்று, ஒன்றே என்றும் கூறினர். இந்தப் பிணைப்புக் கணக்கில் பின்னாளில் அறிவியல் உலகம் ரிச், கிரிக் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூவிழைச் சுருள் என்ற அடிப்படை மட்டும் அசையாமல் நின்றது.

பெரியவர்கள் குறைகூறினால் சிலர் வருந்தி ஒதுங்குவர். சிலர் சண்டைக்குப் போவர். இராமச்சந்திரன் ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டார். அணுக்கள் 'மிக நெருக்கம்' என்கிறார்களே, எவ்வளவு நெருக்கம் மிக நெருக்கம்? இதை யாரேனும் அளந்திருக்கிறார்களா? ஒருவரும் முறையாகத் தொகுத்திருக்கவில்லை. ஆகவே அவரும் அவருடைய மாணவர் வி. சசிசேகரனும், அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளை எல்லாம் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பிணைக்கப்படாத அணுக்கள் எந்தத் தொலைவு வரை நெருங்கியிருக்கின்றன என்று பட்டியலிட்டனர். எடுத்துக்காட்டாக, இரு கார்பன் அணுக்கள் இயல்பாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம், அரிதாக 3.0 வரை நெருங்கலாம். ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம்.

இந்த இடத்தில்தான் அவர் தகவலியலாளர் ஆகிறார் என்பது என் கருத்து. புதிய கருவி எதுவும் அவர் வாங்கவில்லை. புதிய சோதனையும் செய்யவில்லை. பிறர் அளந்து, வெளியிட்டு, மறந்துபோன எண்களை ஓரிடத்தில் சேர்த்தார். சேர்த்ததும் அவற்றில் எவரும் கேட்டிராத ஒரு கேள்விக்கு விடை இருந்தது.

அடுத்த அடியை விளங்கிக்கொள்ள நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வாருங்கள். படுக்கையறை சிறியது. அறைக்கதவை முழுதும் திறந்தால், பீரோவின் கதவைத் திறக்க முடியாது. பீரோக் கதவைத் திறந்துவைத்தால் அறைக்கதவு பாதியில் இடிக்கும். இரண்டையும் ஓரளவு திறக்கலாம். இப்போது ஒரு வரைபடத்தாளை எடுத்து, கிடையச்சில் அறைக்கதவின் கோணத்தையும் செங்குத்தச்சில் பீரோக் கதவின் கோணத்தையும் குறியுங்கள். இடிக்காமல் இருக்கும் கோண இணைகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டுங்கள். வண்ணம் தீட்டிய பகுதி, அந்த அறையில் வாழக்கூடிய முறைகள் அனைத்தும். வெள்ளைப் பகுதி, ஒருபோதும் நடவாதவை.

புரதமும் இப்படித்தான். அது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உள்ளன. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளால் பெயர். இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம் என்றால், ஒரு புரதம் எடுக்கக்கூடிய வடிவங்களுக்கு முடிவே இராது. ஆனால் சுழற்றும்போது அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இராமச்சந்திரனின் மற்றொரு மாணவர் சி. இராமகிருஷ்ணன், ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்களின் தொலைவுகளை மேசைக் கணக்குப்பொறியில் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டார். இன்றைய கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும் வேலை அது. அன்று கைவலிக்கும் வேலை. முடிவில் கிடைத்த படத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வெள்ளையாக நின்றது. இயற்கைக்கு அனுமதி இருந்தது சில சிறு தீவுகளுக்கு மட்டுமே. கிளைசினுக்குத் தனிப்படம் வரைந்தார்கள். பக்கக்கிளையாக அதற்கு ஒரேயொரு ஹைட்ரஜன் மட்டும் இருப்பதால், அது இடிக்காமல் அதிகத் தொலைவு உலவ முடிகிறது.

மூவர் பெயரிலும் 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி'யில் வெளியான அக்கட்டுரை ஐந்து பக்கங்கள் கொண்டது. அதுவே 'இராமச்சந்திரன் வரைபடம்'. புரதங்களின் வடிவங்களைத் திரட்டிவைக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் உள்ளன. அதில் புதிய அமைப்பு ஒன்றைச் சேர்க்கும்போது, அதன் கோணங்கள் எத்தனை விழுக்காடு அனுமதித்த தீவுகளுக்குள் விழுகின்றன என்று சோதிக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் கொரோனாக் கிருமியின் முதன்மைப் புரதம் ஒன்றின் அமைப்பு அவ்வங்கியில் வெளியிடப்பட்டதும், உலகெங்கும் மருந்து தேடுவோர் அதை இறக்கிக்கொண்டு பணியைத் தொடங்கினர். அந்தக் கணக்குகளின் அடியிலும் சென்னையில் மேசைக் கணக்குப்பொறி சுழன்ற ஒலி இருக்கிறது.

1970இல் இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் சதீஷ் தவன் அழைப்பின்பேரில் பெங்களூரு சென்று, 1971இல் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை நிறுவினார். அதே ஆண்டில் ஏ.வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, உடலைத் திறவாமல் உள்ளே பார்ப்பதைப் பற்றியது.

சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் நிழல்தான். எலும்பு, தசை, குடல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிழல். பல திசைகளிலிருந்து நிழல்களை எடுத்தால், அவற்றிலிருந்து உள்ளமைப்பை மீட்க முடியுமா? இதை ஒரு சிறு கணக்கால் காண்போம். நான்கு கட்டங்கள் உள்ள ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஓர் எண் மறைந்துள்ளது. மேல்வரிசையின் கூட்டல் 7, கீழ்வரிசை 9. இடப்பக்க நெடுவரிசை 8, வலப்பக்கம் 8. எண்கள் எவை? மேலே 5, 2. கீழே 3, 6 என்று ஒருவர் சொல்லலாம். மேலே 4, 3. கீழே 4, 5 என்று மற்றொருவர் சொன்னாலும் கூட்டல் பொருந்துகிறதே! இரு திசைகள் போதவில்லை. இடமேல் கட்டத்திலிருந்து வலக்கீழ்க் கட்டத்துக்கு மூலைவிட்டமாகக் கூட்டினால் 11 என்று ஒரு தகவல் கூடக் கிடைத்தால்? இடமேல் எண்ணை உட்கொண்ட கூட்டல்கள் 7, 8, 11, மொத்தம் 26. பெட்டியின் முழுக் கூட்டல் 16. கழித்தால் 10. இடமேல் எண் அந்த மூன்று கூட்டல்களிலும் வந்துவிட்டதால், மிகுந்து நிற்கும் 10 அதன் இருமடங்கு. ஆகவே அது 5. மற்றவை தாமே வெளிப்படும்.

மனிதத் தலைக்கு நான்கு கட்டம் போதாது. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அருகே ஒரு மருத்துவமனையில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. அக்கருவியின் படம் 80க்கு 80, அதாவது 6,400 கட்டங்கள் கொண்டது. நாம் மேலே செய்ததுபோன்ற சமன்பாடுகளைக் கணினி படிப்படியாகச் சரிசெய்து தீர்க்க வேண்டியிருந்தது. கட்டங்கள் பெருகப் பெருக அவ்வழி கடினமாகும். வேறொரு வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே மீண்டும் பூசிவிடுவது. கோலப்பொடியை எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளி வழியாகப் பல திசைகளிலும் பொடியால் கோடு இழுத்தால், புள்ளியில் பொடி குவியும். ஆனால் சுற்றிலும் கோடுகளின் தூசு படர்ந்து புள்ளி மங்கலாகும். மருத்துவருக்கு மங்கல் உதவாது. கட்டி எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் கூறிய வழி எளிது. பூசுவதற்கு முன்னரே, நிழலின் ஒவ்வோர் எண்ணுக்கும் இருபக்கமும் சிறிது கழித்துவிட வேண்டும். நடு எண்ணைக் கால் பங்கால் பெருக்க வேண்டும். 1, 3, 5 என ஒற்றைப்படைத் தொலைவில் உள்ள இடங்களில் குறைந்துகொண்டே செல்லும் எதிர்க்குறி எண்களை இட வேண்டும். இரட்டைப்படைத் தொலைவுகளில் சுழியம். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பூசினால், பக்கத்துத் தூசுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். புள்ளி தெளிவாக நிற்கும். நீண்ட ஃபூரியர் கணக்குகளைத் தவிர்த்து, பெருக்கலும் கூட்டலும் மட்டும் கொண்டு கணினி விரைவாகப் படம் அமைக்க இது உதவியது. வானொலி விண்மீனியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதற்கு ஒத்த முறையைக் கண்டிருந்தனர். கணிதத்தின் வேரோ 1917இல் ரேடான் எழுதிய கட்டுரையில் உள்ளது. எனினும் இவ்வடிகட்டிக்கு இன்றும் உலகப் பாடநூல்களில் 'ராம்-லாக்' என்றே பெயர். இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணன் என்னும் இரு பெயர்களின் சுருக்கம் அது. பின்வந்த ஸ்கேன் கருவிகள் இத்தகைய முறைகளுக்கே மாறின.

1979இல் சி.டி. ஸ்கேனுக்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1999இல் படிகவியலுக்கான எவால்டு பரிசு பெற்றார். பரிசுகளை எண்ணி அவர் பெருமையை அளக்க நான் விரும்பவில்லை; என் மாணவர்கள் எப்போதும் முதலில் கேட்பது அதையே என்பதால் எழுதினேன். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

இன்று இத்துறைக்கு வர விரும்புவோர் என்ன படிக்க வேண்டும்? பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் சேர்த்து எடுக்கும் வாய்ப்பு உங்கள் பள்ளியில் இருந்தால், அதை எடுங்கள். இல்லையேல் கணிதத்தை விடாதீர்கள். உயிரியலைப் பின்னர் படித்துக்கொள்ளலாம், கணிதத்தைப் பின்னர் பிடிப்பது அதனினும் கடினம். இது என் தனிக்கருத்து. உயிரியல் ஆசிரியர் உடன்படமாட்டார். திருப்பதியை அடுத்த ஏர்ப்பேட்டில் ஐசர், ஐ.ஐ.டி. ஆகிய இரு நிறுவனங்களும் உள்ளன. இரண்டும் 2015இல் தொடங்கப்பெற்றவை. ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பின்னரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் உயிர்தகவலியல் துறை உண்டு. முதுகலைக்குப்பின் தேசிய அளவிலான தகுதித் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு முனைவர் ஆய்வு செய்யலாம். அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு வேண்டுகோள்: துறையின் பெயர் புதிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தப் படிப்பிலும் சேர்ந்துவிடாதீர்கள். மென்பொருளின் பொத்தான்களை அழுத்தக் கற்றுத் தருவதோடு நின்றுவிடும் படிப்புகளும் உள்ளன. புள்ளியியல் எத்தனை பருவம், நிரலாக்கம் எத்தனை பருவம், ஆய்வகம் உண்டா என்று கேட்டுப் பார்த்துச் சேருங்கள்.

இராமச்சந்திரன் நிறுவிய பெங்களூருப் பிரிவில் பயின்றவர்களுள் சமீர் பிரம்மச்சாரியும் ஒருவர். தில்லியில் மரபணுத் தொகுதி ஆய்வு நிறுவனத்தை வழிநடத்திய அவர், 2008இல் காசநோய்க்கு மருந்து தேடும் பணியை எல்லாருக்கும் திறந்துவிட்டார். கல்லூரி மாணவர்களும் தம் கணினியிலிருந்தே காசநோய்க் கிருமியின் மரபணுக்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து அதில் பங்கேற்றனர்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கணிதமும் உயிரியலும் எடுத்திருக்கிறாள். நான்கு கட்டக் கணக்கைச் சொன்னபோது, "ஒன்பது கட்டமாக இருந்தால்?" என்று கேட்டாள். அதை உங்களுக்கும் பணியாகத் தருகிறேன். ஒரு தாளில் மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் வரைந்து, எண்களை எழுதி மறைத்துவிடுங்கள். வரிசை, நெடுவரிசைக் கூட்டல்களை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவரால் முடியாதபோது மூலைவிட்டக் கூட்டல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். எத்தனையாவது கூட்டலில் உங்கள் எண்கள் பிடிபட்டன என்பதைக் கீழேயுள்ள இடத்தில் எழுதுங்கள்.